கூட வந்தவர் வெளியே இருக்கட்டும்

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஒரு பெண் சொன்னார். வழுக்கி விழுந்தவருக்கு மேல்கையின் உட்புறத்தில் நாலு விரல் பதிந்தது எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. ஊசி போட்டோம், வலி மாத்திரை எழுதினோம், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டோம். கேட்காமல் விட்ட அந்தத் தவறை ஒப்புக்கொண்டுதான், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஓ.பி.க்களில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

மணமான 18–49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது, தமிழ்நாட்டைப் பற்றிய தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21). அவர்கள் அடிபட்டதாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தீராத தலைவலி, தூக்கமின்மை, காரணம் பிடிபடாத உடம்புவலி என்று வருகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு என்றால் யாரும் தடுப்பதில்லை. அவர்களே எதிரில் வந்து உட்கார்ந்திருக்கும்போது நாம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு நிமிடத்தில் வீட்டு வன்முறையைப் பற்றி எப்படிக் கேட்பது? நியாயமான கேள்வி. வருகிற எல்லோரிடமும் படிவம் நீட்டி 'டிக்' அடிக்கும் வேலையை நாங்கள் கோரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும் அதைச் சொல்லவில்லை. சந்தேகம் தரும் அறிகுறி, தனிமை, கேட்பவருக்குப் பயிற்சி, அனுப்பிவைக்க ஓர் இடம் இவை இருந்தால் கேட்கச் சொல்கிறது.

"வீட்ல யாராவது உங்களை அடிக்கிறாங்களாம்மா? பயமா இருக்கா?" கேள்வி இவ்வளவுதான். கணவர் முன்னால் கேட்டால் அன்று இரவு அதற்கும் சேர்த்து அடி விழும். மாமியார் முன்னாலும் கேட்க மாட்டோம், பேச்சு புரிகிற வயதுப் பிள்ளை முன்னாலும் கேட்க மாட்டோம். "எடை பார்க்கணும், கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை. பதிலை ஓ.பி. சீட்டில் எழுத மாட்டோம்; அந்தச் சீட்டு கணவரின் சட்டைப் பையில்தான் வீட்டுக்குப் போகிறது. 181 என்ற உதவி எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தராமல் மனப்பாடம் செய்ய வைப்போம்.

காயத்தோடு வந்தால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் யார், எதனால் அடித்தார் என்று அவர் சொன்னபடியே எழுதுவோம். வழக்குத் தொடர்வதா என்பது அவர் முடிவு. அதே வீட்டுக்குத் திரும்பிப் போனாலும் கோபிக்க மாட்டோம், அடுத்த முறையும் கேட்போம்.

"அவர் அடிக்கிற அளவுக்கு நீ என்னம்மா பண்ணுன?" எங்களில் பலர் கேட்டிருக்கிறோம். இனி அது எங்கள் வாயில் வராது. வீட்டில் அடி வாங்கிவிட்டு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு டூட்டிக்கு வரும் சகோதரிகள் எங்களுக்குள்ளேயே உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

மும்பை பாந்த்ராவில் மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே 'திலாசா' ஆலோசனை மையம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அப்படி ஓர் அறையை ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் கேட்கிறோம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. எங்கள் ஓ.பி. அறைகள் பலவற்றுக்குக் கதவே இல்லை, துணித்திரைதான். வருகிற திங்கட்கிழமை கதவு கேட்டு மனு கொடுக்கிறோம். கதவு வரும்வரை ஊசி போடும் அறையில் கேட்போம்.