ஊசி போட்டாச்சா?

தரமணி ஸ்டேஷனில் இறங்கி நடப்பவர்களுக்குத் தெரியும். டீக்கடை வாசலில் நாய். மளிகைக்கடை மூட்டை மேல் பூனை. "ரொம்ப சாதுங்க, கடிக்காது" என்பார் வளர்ப்பவர். ஊசி போட்டாச்சா என்று கேட்டால் மட்டும் பதில் வராது!

வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதன் பிழைப்பது அரிது. கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டாகணும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வேலைக்கு ஆகாது.

வாடகைக்கும் சீட்டுக்கும் காலண்டரில் தேதி குறிக்கிறோம். அதிலேயே இதையும் குறித்தால் என்ன?

குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய் ஊசி. டாக்டர் சொன்னபடி அடுத்ததையும் போட்டு, பிறகு வருடம் தவறக்கூடாது. பூனைக்கும் உண்டு. 3 மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. கோடையில் உண்ணி பார்க்கணும். ஐப்பசி மழைக்கு முன்னால் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீர் நாயை மட்டுமா, அதில் நடக்கும் நம்மையும் பிடிக்கும்.

சரி, தெரு நாய்க்கு எஜமான் யார்? மாநகராட்சிதான்! 1996 முதல் கருத்தடை நடக்கிறது. ஊசியும் தெருத்தெருவாக, வருடாவருடம் நடக்கட்டும். ஒரு வருடம் போட்டுவிட்டு மறு வருடம் மறந்தால், போட்ட ஊசியும் வீண்.

குழந்தை கடிபட்ட பிறகு விழித்து என்ன பயன்?