சித்தப்பாவின் சர்நேம்

என் சித்தப்பாவின் பெயர் ககாரின்.

சிரிக்காதீர்கள். நெய்வேலிக்காரர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். லெனின், ஸ்டாலின், வாலண்டினா என்று கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து 'தோ வர்றேன்' என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆள் வருகிற தமிழ்நாடு இது. அதிலும் நெய்வேலி ரஷ்யா கைவைத்த ஊர். 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. 1962-ல் முதல் யூனிட் ஓடியது. 2020-ல்தான் மொத்தமாக மூச்சை நிறுத்திக்கொண்டது.

அந்த மின் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்த நாளில் என் தாத்தா அங்கே ஹெல்ப்பர். ரஷ்ய எஞ்சினீயர்களுக்குப் பின்னால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. அதில் அவர் சம்பாதித்த ரஷ்ய மொழி மொத்தம் இரண்டு வார்த்தை. ஒன்று 'ஹரஷோ'. நல்லது என்று அர்த்தம். இன்னொன்று 'தவாய்'. ஆகட்டும், சீக்கிரம் என்று அர்த்தம். இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஆறு வருஷம் சமாளித்தார். (நான் பி.காம். படித்த மூணு வருஷத்தில் டெபிட், கிரெடிட் என்ற இரண்டு வார்த்தையை வைத்துச் சமாளித்தேன். பரம்பரை!)

1961 ஏப்ரல் 12-ம் தேதி யூரி ககாரின் 108 நிமிஷத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். அதற்குச் சில மாதம் கழித்துச் சித்தப்பா பிறந்தார். மூத்தவரான என் அப்பாவுக்குக் குலதெய்வத்தின் பெயர். இளையவருக்கு யார் பெயர் வைப்பது? தாத்தா தன்னுடைய ரஷ்ய எஞ்சினீயரிடமே போய் 'உங்க பேரையே வெச்சிடறேன் சார்' என்றாராம். அவரும் நெகிழ்ந்துபோய்த் தன் முழுப்பெயரையும் சொன்னாராம். அது பாட்டியின் வாயில் நுழையவில்லை. அடுத்த சாய்ஸ் ககாரின்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. ககாரின் என்பது அவருடைய பெயரே அல்ல. சர்நேம்! பெயர் யூரி. அப்பா பெயர் அலெக்ஸேய். முழுசாக, யூரி அலெக்ஸேயெவிச் ககாரின். ரஷ்ய நாவல் படித்தவர்களுக்கு இந்த உபத்திரவம் தெரியும். முதல் பக்கத்தில் ஒரு பெயர், பத்தாம் பக்கத்தில் ஒரு பெயர், காதலி கூப்பிடும்போது வேறொரு பெயர். மூணு பேர் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனால் நூறாவது பக்கத்தில் எல்லாரும் ஒரே ஆள் என்று தெரியவரும்.

உண்மையில் அது நம்ம இனிஷியல் சமாச்சாரம்தான். நடுவில் இருக்கிற அலெக்ஸேயெவிச் என்றால் 'அலெக்ஸேயின் மகன்'. நம்ம ஊராக இருந்தால் அ. யூரி என்று பத்தாவது மார்க் ஷீட்டில் போட்டு வேலையை முடித்திருப்பார்கள்.

சர்நேமும் பெரும்பாலும் அப்படி ஆரம்பித்ததுதான். இவானோவ் என்றால் 'இவானுடைய'. யாரோ ஒரு இவானுக்குப் பிறந்தவன். ஒரு தலைமுறையில் அது அப்பா பெயர். பிறகு அப்படியே உறைந்துபோய்ப் பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் இவானோவ். கொல்லன் மகன் குஸ்னெத்சோவ். பாதிரி மகன் பொப்போவ். கரடி என்று பட்டப்பெயர் வாங்கியவனின் வம்சம் மெத்வெதேவ். கூனன் என்று யாரையோ எப்போதோ கிண்டல் செய்திருக்கிறார்கள், அந்தக் குடும்பத்துக்கு கோர்பச்சேவ் என்று நிலைத்துவிட்டது. டால்ஸ்டாய் என்றால் குண்டர்! பட்டப்பெயர் வைப்பதில் நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுக்கு ரஷ்ய கிராமம் சளைத்ததில்லை.

பெரிய மனிதர்களுக்குத்தான் முதலில் சர்நேம் வந்தது. சாதாரண விவசாயிகளில் பெரும்பாலோருக்கு, 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகுதான் நிரந்தரமான குடும்பப் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதுவரை அவர்களும் நம்மைப் போல அப்பா பெயரை வைத்தே காலம் தள்ளியவர்கள்தான். 1470 வாக்கில் குதிரை விற்க நம்ம நாட்டுக்கு வந்த அஃபனாசி நிகிதின் கதையும் இதுதான். நிகிதின் என்பது அவர் குடும்பப் பெயர் அல்ல, நிகிதாவின் மகன். சுத்தமாக நி. அஃபனாசி. 1785-ல் சென்னைக்கு வந்து இரண்டு வருஷம் இருந்து கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்ட பாண்டு வாத்தியக்காரர் கெராசிம் லெபெதேவ் பெயரில் ஒளிந்திருப்பது அன்னம்.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். ககாரின் என்றால் என்ன?

ககாரா என்று வடக்கே ஒரு நீர்ப்பறவை. நம்ம ஏரியில் இருக்கிற முக்குளிப்பான் மாதிரி தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும். யாரோ ஒருவருக்கு அந்தப் பறவையின் பெயர் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 'ஆ'வில் முடிகிற வார்த்தைக்கு ரஷ்யர்கள் 'ஓவ்' போட மாட்டார்கள், 'இன்' போடுவார்கள். ககாரா, ககாரின். புஷ்கா என்றால் பீரங்கி, அதிலிருந்து புஷ்கின். நாமும் அதைத்தானே செய்கிறோம்? பாட்டி, பாட்டியின். (இது வெறும் தற்செயல். தமிழய்யாக்கள் 'இன் சாரியையடா மடையா' என்று பிரம்பைத் தூக்குவதற்குள் ஓடிவிடுகிறேன்.)

ரஷ்யாவில் ககாரின் என்று பழைய ராஜ குடும்பமே ஒன்று உண்டு. யூரி பறந்துவிட்டு வந்ததும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் 'இவர் அந்த இளவரசர் வம்சமா?' என்று கிளப்பிவிட்டார்கள். கிடையவே கிடையாது. ஸ்மோலென்ஸ்க் பக்கம் க்ளுஷினோ கிராமத்துத் தச்சர் மகன். ஒரே பட்டப்பெயர் இரண்டு ஊரில் தனித்தனியாக முளைக்கும், பண்ணையார் சர்நேம் பண்ணையாட்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். அங்கே தடுக்கி விழுந்தால் ஸ்மிர்னோவ், இவானோவ், குஸ்னெத்சோவ் மேல்தான் விழ வேண்டும். ககாரின் அந்தக் கூட்டத்தில் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பெயர், சிலருக்கே இருக்கிற பெயர்.

ஸ்டாலின் இன்னும் விசேஷம். அது யாருக்கும் பரம்பரைப் பெயரே இல்லை. எஃகு என்ற அர்த்தத்தில் அவரே வைத்துக்கொண்டது. நிஜ சர்நேம் ஜுகாஷ்விலி, அது ஜார்ஜியா நாட்டுப் பெயர். மூத்த பையன் ஜுகாஷ்விலியாகவே இருந்தார். இளையவர் வாசிலியை ஸ்டாலின் என்ற பெயரை விடவைத்தார்கள். மகள் ஸ்வெத்லானா அம்மாவின் சர்நேமுக்கு மாறிக்கொண்டார். பெற்ற பிள்ளைகளிடம் நிற்காத பெயர் கோபாலபுரத்தில் வந்து நின்றது. 1953 மார்ச்சில் ரஷ்யத் தலைவரின் இரங்கல் கூட்டத்தில் கலைஞர் தன் பையனுக்கு வைத்த பெயர், அடுத்த தலைமுறையில் உதயநிதிக்குப் பின்னால் சர்நேம் மாதிரி நிற்கிறது.

அது கிடக்கட்டும். எங்கள் குடும்பத்து ராக்கெட் கதையைச் சொல்கிறேன்.

சித்தப்பா மெயின் பஜாரில் டூவீலர் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் 'காக்கா' என்று கூப்பிட்டு ஒரு வழி பண்ணியிருக்கிறார்கள். தமிழில் எழுதினால் கவா, காவா என்று யாருக்கும் தெரியாதில்லையா? அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஆங்கிலத்தில் 'ககாரின்' என்பதை 'கே'யில் ஆரம்பித்து எழுதிவிட்டார் ஒரு வாத்தியார். ரேஷன் கார்டில் காகரீன். பையனின் மார்க் ஷீட்டில் அப்பா பெயர் கக்காரின். ஒரே மனிதர், மூணு ஸ்பெல்லிங். அம்பது வருஷம் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

2011-ல் என் தம்பி, அதாவது சித்தப்பா பையன், ரஷ்யாவுக்கு டாக்டர் படிக்கக் கிளம்பினான். (பெயரை எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது, தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.) பண்ருட்டிப் பக்கம் இருந்த பலாத் தோப்பை விற்றுப் பணம் கட்டியாகிவிட்டது. செப்டம்பரில் வகுப்பு. பாஸ்போர்ட் ஃபாரத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அது? அப்பா பெயரைப் போடு என்றார்கள். போட்டான். அங்கே பிடித்தது சனி. எந்தச் சர்ட்டிஃபிகேட்டும் எதோடும் ஒத்துப்போகவில்லை. அழைப்புக் கடிதத்தில் ஒரு ஸ்பெல்லிங், மார்க் ஷீட்டில் ஒரு ஸ்பெல்லிங். 'இவர் வேற, அவர் வேற' என்று சொல்லிவிட்டார் கவுண்ட்டருக்குள் இருந்தவர். நோட்டரி, அஃபிடவிட், அரசிதழில் பெயர் மாற்றம் என்று ஆரம்பித்தது. நாள்கள் ஓடின.

நோட்டரி வக்கீல் வீட்டுத் திண்ணையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். தாத்தாவும் கூட வந்திருந்தார், எண்பதைத் தாண்டியவர். வக்கீல் கேட்டார்: "எப்படியும் கெஜட்டுல மாத்தத்தான் போறீங்க. இந்தப் பேர்தான் வேணுமா? சுலபமா ஒரு பேர் வெச்சுக்கிட்டா உங்களுக்கும் நல்லது, பையனுக்கும் நல்லது."

சித்தப்பா சட்டென்று, "குமார்னு போட்டுடுங்க சார்" என்றார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. அம்பது வருஷமாக மனசுக்குள் ரெடியாக வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது.

தாத்தா ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வாசல் வரைக்கும் போய், அங்கே ஒன்றும் இல்லாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்தான் மெதுவாக, "சித்தப்பா, குமார்னு போட்டா பழைய மூணு ஸ்பெல்லிங்கோட நாலாவதா ஒண்ணு சேரும். அதுக்கும் அஃபிடவிட் கேப்பாங்க" என்றேன். கணக்குப்பிள்ளை மூளை. பொய்யில்லை, ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. சித்தப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி சார். ககாரின்னே போடுங்க. ஆனா 'ஜி' போடுங்க. கே இல்ல, ஜி. ரெண்டு இடத்திலயும் ஜி."

தாத்தா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஹரஷோ."

ஒரு வழியாகத் தம்பி மாஸ்கோ போய் இறங்கினான், மூணு வாரம் லேட்டாக. ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய ஆபீஸர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பக்கத்து கூண்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ககாரின்?" என்றார். இவன், "அது நான் இல்ல, எங்கப்பா" என்றிருக்கிறான் இங்கிலீஷில். "உங்கப்பா ககாரினா?!" அந்த ஆள் கிட்டத்தட்ட சல்யூட் அடித்துவிட்டாராம்.

காலேஜில் அடுத்த சிக்கல். ரஷ்ய முறைப்படி நடுவில் அப்பா பெயர் வேண்டுமே? அப்பாவின் பெயர் ககாரின், ஆகவே ககாரினோவிச். சர்நேம் ககாரின். ககாரினோவிச் ககாரின்! ரஷ்ய சரித்திரத்தில் இப்படி ஒருத்தன் இருந்திருக்கவே மாட்டான் என்று ஹாஸ்டலில் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அட்டெண்டன்ஸில் ப்ராக்ஸி கொடுக்க முடியவில்லை என்பது அவனுடைய தீராத வருத்தம்.

படித்து முடித்து வந்து, இங்கே வைக்கிற ஸ்க்ரீனிங் பரீட்சையும் பாஸ் செய்து, இப்போது கடலூர் பக்கம் டாக்டராக இருக்கிறான். தாத்தா இல்லை. போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நம்ம முறைப்படி குழந்தைக்கு இனிஷியல் தம்பியின் பெயர். பாஸ்போர்ட் எடுத்தால் சர்நேமும் தம்பியின் பெயர்தான். ரஷ்யாவில் உறைந்த பெயர் இங்கே ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு தலைமுறைக்கு மேல் தங்காது. எங்கள் குடும்ப லெட்ஜரில் ககாரின் என்ற கணக்கில் ஓப்பனிங் பாலன்ஸ் ஒன்று. நடுவில் வரவு ஒன்று. குளோசிங் பாலன்ஸ் நில்.

சர்நேம் இல்லாமலே விட்டுவிடலாமே என்கிறீர்களா? விடலாம், நம்ம பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். ஆனால் 2022 நவம்பரில் துபாய்க்காரர்கள் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்றாதே என்று சொல்லி, அப்புறம் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று இறங்கி வந்தார்கள். அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயரைச் சர்நேமாக்கிவிட்டு, முதல் பெயர் 'தெரியவில்லை' என்று மூணு எழுத்தில் அச்சடிப்பார்கள். பெற்ற அப்பா அம்மா பார்த்துப் பார்த்து வைத்த பெயர், தெரியவில்லையாம்!

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். "அண்ணே, பாப்பாவுக்கு ககாரின்னே சர்நேம் போட்டுடலாம்னு பார்க்கறேன். அப்பாகிட்ட நீ பேசேன். நான் கேட்டா திட்றாரு."

கடைக்குப் போனேன். சித்தப்பா ஒரு ஸ்ப்ளெண்டருக்கு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம்டா. பொம்பளப் புள்ள. ஸ்கூல்ல காக்கான்னு கூப்பிடுவானுங்க."

"அங்க பொம்பளப் புள்ளைங்கன்னா பேர் மாறும் சித்தப்பா. ககாரினா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். செயினைப் பார்த்தார். ஒருமுறை மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு டூல்ஸ் பெட்டியிலிருந்து பென்சிலை எடுத்து, ஸ்பேர் பார்ட்ஸ் பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ்ல எழுதிக் குடு. ஸ்பெல்லிங் கரெக்டா இருக்கட்டும்."