"70 வருஷமா என்ன கிழிச்சீங்க?" இந்தாங்க, பொள்ளாச்சிக்காரர் ஒருத்தரோட பதில்!



நாம எந்தப் பதிவு போட்டாலும் கீழே ஒருத்தர் வந்து கேட்டுடறார்: "70 வருஷமா என்ன கிழிச்சீங்க?" கேட்கட்டும். கேட்கிறவர் இன்னைக்குக் காலையில சாப்பிட்ட பூரிக்கும் சப்பாத்திக்கும் பின்னால ஒரு தமிழன் இருக்கார். அவரைப் பத்தி இன்னைக்குப் பேசிடுவோம்.

சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், பிறகு வக்கீல். 1942-ல் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். பெருந்தலைவர் காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தபோது கல்வி அமைச்சர். ஆனால் நாம சொல்ல வந்தது 1964-க்குப் பிறகு நடந்தது.

அந்த வருஷம் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண்மைத் துறையைக் கொடுத்தார். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஆசை கிடையாது. அடுத்தடுத்து வறட்சி. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. அமெரிக்க அதிபர் ஜான்சன் முகம் சுளித்தால் இங்கே ரேஷன் கடையில் அரிசி, கோதுமை வராது. அதுதான் நிலைமை.

சி.எஸ். முதலில் போய் நின்றது விஞ்ஞானிகளிடம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் அதுவரை உட்கார்ந்திருந்தவர்கள் ஐ.சி.எஸ். அதிகாரிகள். 1965-ல் கோதுமை இனப்பெருக்க விஞ்ஞானி பி.பி. பாலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்களை அதன் கீழ் கொண்டுவந்தார். கோப்பு பார்க்கிறவன் விஞ்ஞானிக்கு உத்தரவு போடுற காலம் அதோடு முடிந்தது. அதே வருஷம்தான் இந்திய உணவுக் கழகம், விவசாய விலைக் குழு, தேசிய பால்வள வாரியம். எல்லாம் ஒரே வருஷம்ங்க!

அப்புறம் விதை. நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையை எம்.எஸ். சுவாமிநாதன் இங்கே வயலில் போட்டுப் பார்த்து, விளையும் என்று சொன்னார். சி.எஸ். நம்பினார். சும்மா நம்பவில்லை, விவசாயிகளின் நிலத்திலேயே செய்து காட்டச் சொன்னார். டெல்லியில் தன் அரசு பங்களா புல்வெளியை உழுது, அதிலும் அந்தக் கோதுமையையே விதைத்தார். 1966-ல் 18,000 டன் விதை மெக்ஸிகோவிலிருந்து கப்பலேறியது. அமெரிக்காக்காரனுக்கு விலைபோயிட்டார் என்று இடதுசாரிகள் கத்தினார்கள். செலவு தாங்காது என்று நிதி அமைச்சகம் இழுத்தது. மனிதர் அசையவில்லை. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை, 1967-68-ல் சுமார் 1.65 கோடி டன்.

அந்த அறுவடை வரும்போது அவர் அமைச்சராக இல்லை. 1967 தேர்தலில் தோற்றுப்போனார். "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற முழக்கம் அடித்த அலையில் நாட்டுக்குச் சோறு தேடிய உணவு அமைச்சரே போய்விட்டார். அரசியலில் இப்படியும் நடக்கும். (டெல்லிக்குத் தலையாட்டியவர் என்று அவரை யாராவது சொன்னால், 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து ஓ.வி. அழகேசனோடு சேர்ந்து அமைச்சர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தவர் அவர் என்பதையும் சொல்லுங்கள்.)

"பசுமைப் புரட்சிதான் மண்ணைக் கெடுத்தது, பஞ்சாபில் நிலத்தடி நீரை உறிஞ்சியது" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான், மழுப்ப வேண்டாம். ஆனால் அந்த எச்சரிக்கையை முதலில் கொடுத்தவர்களில் ஒருவரே சுவாமிநாதன்தான். 1968 ஜனவரியில், வாரணாசி அறிவியல் மாநாட்டு மேடையில், புரட்சிக்குக் கைதட்டு விழுந்துகொண்டிருந்த நேரத்திலேயே சொன்னார்: மண்ணைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்க்காமல் சுரண்டினால் ஆபத்து. பஞ்சாபில் கெட்டது விஞ்ஞானி சொன்னதைக் கேட்டதாலா, பாதியில் கேட்காமல் விட்டதாலா?

1971-ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை உருவானது. அதே வருஷம் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு, தலைவர் சி.எஸ். அறிவியலுக்கென்றே ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தை அந்தக் குழு எழுதியது.

இப்போ இவங்க கதைக்கு வருவோம். அந்த வாரணாசி மாநாடு 1914 முதல் நடந்துவந்த இந்திய அறிவியல் மாநாட்டின் ஒரு கூட்டம். கொரோனா வருஷங்களை விடுங்கள், 2024 ஜனவரியில் அது நடக்கவே இல்லை. நிதியை நிறுத்தியது யார்? 1971-ல் உருவான அதே அறிவியல் தொழில்நுட்பத் துறை! ஆராய்ச்சிக்கு நாடு செலவழிப்பது உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதம். 50,000 கோடி ரூபாயில் தேசிய ஆராய்ச்சி நிதியம் என்று 2023-ல் மேளம் அடித்தார்கள். உள்ளே பார்த்தால் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரணுமாம். பந்தல் நம்மது, சமையல் செலவு பக்கத்து வீட்டுக்காரர் தருவார் என்கிற மாதிரி.

அதைவிட வயிறு எரிவது பள்ளிப் புத்தகத்தைப் பார்த்தால். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் டார்வினின் பரிணாமக் கொள்கை வெட்டப்பட்டது. தனிம வரிசை அட்டவணையும் போச்சு. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்றார்கள். கேட்டால், மேல் வகுப்பில் இருக்கு என்று பதில். பத்தாவதோடு அறிவியலை விட்டு வணிகவியலுக்குப் போற பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்? யானைத்தலை பொருத்தியது அன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி என்று பிரதமரே 2014-ல் மும்பை மருத்துவமனை விழாவில் பேசிய நாட்டில், டார்வின் மட்டும் பாரமாகிப் போனாராம்!

சி.எஸ்.ஸுக்கு 1998-ல் பாரத ரத்னா. சுவாமிநாதனுக்கு 2024-ல், அவர் மறைந்த பிறகு, இவர்கள் கையாலேயே. விருது கொடுத்த கையோடு, அந்த அறிவியலைப் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு பதில் கொடுங்க. ஒன்றிய கல்வி அமைச்சரே, பத்தாம் வகுப்புப் பாடம் எந்தக் கல்வியாண்டில் திரும்ப வருது? வருஷத்தைச் சொல்லுங்க.