மண்ணுக்குள் கிடக்கும் காசு



சென்ற சனிக்கிழமை காலை, நார்த்மீட்டில் எமது வீட்டுக்கு அண்மையிலுள்ள மைதானத்தில் ஒரு முதியவரைக் கண்டோம். நகரசபையின் அனுமதியோடு வந்தவர். நீண்ட தடியின் முனையில் வட்டத் தட்டுப் பூட்டிய கருவியைப் புல்லின் மேல் அசைத்தபடி நடந்தார். பிள்ளைகள் ஆவலோடு பின்னால் ஓடினார்கள். எம்மோடு வந்த அம்மம்மாவோ, "உங்க போகாதேங்கோ பிள்ளையள்!" என்று பதறிக் கூப்பிட்டார். வன்னியில் அந்தக் கருவியைக் கண்ணிவெடி அகற்றுபவர்களின் கைகளில் மட்டுமே கண்டவர் அவர்.

அவரின் பயத்தைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. 2002 முதல் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. எமது பெண்கள் பலரும் அந்த வேலையைச் செய்கிறார்கள். கருவியின் அடிப்படை ஒன்றுதான். அது நிலத்துக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. உலோகம் இருந்தால் சத்தம் எழுப்புகிறது. அங்கே அந்தச் சத்தம் உயிர்ப்பயம். இங்கே அது பொழுதுபோக்கு.

நாம் குடியேறியுள்ள இந்தப் பகுதியும் பழைய மண்தான். டாருக் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் இது. 1788 இல் பரமற்றாவில் வெள்ளையர் குடியேற்றம் தொடங்கியது. 1791 இல் அருகிலுள்ள டூங்காபியில் கைதிகளைக் கொண்டு அரசாங்கப் பண்ணை அமைத்தார்கள். காசுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க ஆளுநர் மக்குவாரி 40,000 ஸ்பானிய வெள்ளி நாணயங்களை வருவித்து, நடுவில் துளையிட்டு, 1813 இல் இரண்டு வகைக் காசாக்கினார். துளையுள்ள காசில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 300 மட்டுமே.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் கருவி வாங்கித் தரும்படி கேட்பார்கள். வாங்கமுன் பெற்றோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். கமக்காரரின் நிலமென்றால் அவரிடம் அனுமதி பெறவேண்டும். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றித் தேடக்கூடாது. நியூ சவுத் வேல்ஸின் 1977 ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டப்படி, தொல்பொருள் உண்டென்று அறிந்து நிலத்தைத் தோண்ட அனுமதிப் பத்திரம் தேவை. தற்செயலாகக் கண்டெடுத்தாலும் அறிவிக்க வேண்டும். ஆதிக்குடிகளின் பொருட்களை 1974 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. வெடிபொருள் போன்ற எதையும் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஒரு காசுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்கலாம். எமது ஊரையே எடுத்துக்கொள்வோம். கந்தரோடையில் கிடைத்த றோமானியக் காசுகள், யாழ்ப்பாணம் அன்றே கடல் கடந்து வாணிபம் செய்ததைச் சொல்கின்றன. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் ஒரு முத்திரையைக் கண்டெடுத்தார்கள். பழைய ஈமப் புதைகுழியில் இருந்தபடியே அகழ்ந்து எடுத்ததால்தான் அதன் காலமும் பெறுமதியும் தெரிந்தன. யாரோ தோண்டி வியாபாரியிடம் விற்றிருந்தால், அது ஊர் பெயரில்லாத ஒரு பொருளாகவே போயிருக்கும். யாழ்ப்பாண மன்னரின் 'சேது' என்று பொறித்த காசுகளுக்கும் இது பொருந்தும்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அம்மம்மா ஒரு கதை சொன்னார். அவரின் ஐயா வயல் உழுதபோது, காளை பொறித்த செப்புக்காசு ஒன்று கொழுவில் தட்டுப்பட்டதாம். சாமியறையில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அதை எடுக்க நேரம் இருக்கவில்லை.

காசு போய்விட்டது. ஆனால் எந்த வயல், எந்த வரம்போரம், எந்தப் பக்கத்துப் பனை என்பதெல்லாம் அம்மம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூத்த பிள்ளை கொப்பியைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல வயலின் படத்தை வரைந்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். கருவி வாங்கமுன் ஒரு கொப்பி வாங்குங்கள்.