ஆட்டோ என்ன ஆயிற்று?

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். மாதம் ஒரு படம், அதுவும் அம்பத்தூரில் காலைக் காட்சி. மற்றவை வீட்டுத் தொலைக்காட்சியில். சட்டைப்பையில் காசு இருக்கும் அளவுக்குத்தான் என் கலையார்வமும்! ஆகவே ஒளிப்பதிவு, படத்தொகுப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. என் கேள்வி ஒன்றுதான்: நம் கதாநாயகர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

இது என் தந்தை கிளப்பிய கேள்வி. ஒரு ஞாயிறு மாலை 'பாட்சா' (1995) ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது முறையோ! மாணிக்கம் ஆட்டோ ஓட்டும் காட்சிகளில் வாய்விட்டுச் சிரித்த அப்பா, அவர் பம்பாய் தாதாவாக மாறியதும் அமைதியாகிவிட்டார். படம் முடிந்ததும், "அதெல்லாம் சரிடா, கடசில அந்த ஆட்டோவ யாரு ஓட்றது?" என்றார். நான் சிரித்துவிட்டேன். இரவு படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்பாவின் காலத்துக்கும் முந்திய படங்களைப் பாருங்கள். 'படகோட்டி' (1964), 'தொழிலாளி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) என்று எம்.ஜி.ஆர். படங்களின் பெயரே தொழிலின் பெயர்! 'ரிக்‌ஷாக்காரன்' அவருக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்தது. எவ்வளவு வண்டி மிதித்தாலும் அவர் தலைமுடி கலையாது என்பது வேறு விஷயம். ஆனாலும் உழைப்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

இன்று? 'வேதாளம்' (2015) படத்தில் கல்கத்தாவில் டாக்சி ஓட்டுகிறவர் முன்னாள் அடியாள். 'தெறி' (2016) படத்தில் கேரளத்தில் பேக்கரி நடத்துபவர் போலீஸ் அதிகாரி. 'லியோ' (2023) படத்தில் இமாசலப் பிரதேசத்துக் காப்பிக் கடைக்காரருக்கும் ஒரு ரத்தக்கறை படிந்த பழைய கதை! வேலை என்பது இடைவேளை வரை போட்டுக்கொள்ளும் மாறுவேடம். அதைக் கழற்றி எறியும்போது நாம் விசிலடிக்கிறோம். நானும் அடித்தவன்தான், மறைப்பானேன்?

'பாட்சா'வில் என்னை உறுத்தும் காட்சி சண்டைக் காட்சியன்று. தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும். ஆட்டோக்காரரின் தங்கை என்றால் கிடைக்காத இடம், அண்ணன் தான் யாரென்று அறைக்குள் சொன்னதும் கிடைத்துவிடுகிறது. அரங்கம் அதிர்கிறது! பழைய பெயர் எதுவும் இல்லாத ஆட்டோக்காரரின் தங்கை என்ன செய்வாள்? இந்தக் கல்லூரியில் நம்மில் பலருடைய வீட்டில் பாட்சா கிடையாது, ஆட்டோதான் உண்டு.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஊழியர்களைக் காட்டியது. நாள் முழுதும் நின்றே வேலை, வரிசையாய்த் தரையில் படுக்கை. நன்றாகப் படித்த பையன் அங்கே வந்து நிற்க நேர்ந்தது, அவன் தந்தை இறந்துபோனதால். அவனுக்கு எந்த முன்கதையும் இல்லை. தப்பிக்க வழியும் இல்லை. தீபாவளிக்குத் துணியெடுக்கப் போனபோது கடைப்பெண்ணின் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு படத்துக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?

நம் ஆவடி கரலப்பாக்கத்தைச் சேர்ந்த பா. இரஞ்சித் எடுத்த 'அட்டகத்தி' (2012) நம் பேருந்துப் படிக்கட்டை அப்படியே காட்டியது. ஆனால் படிக்கட்டில் தொங்கும் நம்மைத்தான் காட்டியது. அதே பேருந்தில் சாப்பாட்டுத் தூக்குடன் முதல் ஷிப்டுக்குப் போகிறவர் யார் கதையிலும் வரவில்லை. ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூரில் ஊரளவுக்குத் தொழிற்பேட்டை இருக்கிறது. லேத்துக்கு முன் நிற்கும் ஒரு கதாநாயகனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு பேசுகிறேனே, முதலாண்டு அறிமுக வகுப்பில் அப்பாவின் தொழிலைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தனியார் நிறுவனத்தில் இருக்கிறார்." லேத்து ஓட்டுகிறார் என்று சொல்ல நா எழவில்லை. அந்த மாதம் அவர் ஓவர்டைம் பார்த்த பணத்தில்தான் என் புத்தகங்களை வாங்கியிருந்தோம்.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் அதே கேள்வி. 'லேத் ஆபரேட்டர்' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"டர்னர்னு எழுதுடா. அதான் கரெக்ட்" என்றார்.