மூச்சு வாங்கும் கிளிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ‘‘தோட்டத்தில் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது, பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று விழுந்தது. இரண்டு மாதங்களாகக் கூண்டில் வைத்து வளர்க்கிறோம். இப்போது தானாகவே இரை எடுக்கிறது. ஆனால், மதிய வெயிலில் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குகிறது. தண்ணீர் குடித்துப் பார்த்ததே இல்லை. வாயில் ஊற்றலாமா?’’

- வாசகி, சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: ஊற்றவே கூடாது. கிளியின் மூச்சுக்குழல் வாய், நாக்கின் அடிப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. வலுக்கட்டாயமாக ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால், கிளி இறந்துவிடும்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சுவிட்டுத்தான் உடல்சூட்டைத் தணிக்கும். அப்போது உடலில் உள்ள நீரும் ஆவியாகி வெளியேறும். வாயைத் திறந்து, இறக்கைகளையும் விலக்கி வைத்திருந்தால், கிளி இருக்கும் இடத்தில் சூடு அதிகம் என்று பொருள். தகரம், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே கூண்டு தொங்கினால், காற்றோட்டமான நிழலுக்கு உடனே மாற்றுங்கள். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணி போடலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

நூறு கிராமுக்குச் சற்று அதிகமாக எடையுள்ள கிளிக்கு, ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தேக்கரண்டி தண்ணீரே போதும். அதனால், அது குடிப்பது பல நேரம் கண்ணில் படாது. எச்சத்தைப் பாருங்கள். பச்சை நிறக் கழிவு, வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர் மூன்றும் இருந்தால் கவலையில்லை. நீர்ப்பகுதி இல்லாமல், வெள்ளை கெட்டியாக ஒட்டினால் நீர் குறைந்திருக்கலாம். கண் குழிந்து, உடலை உப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரை எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணத்தில் வைத்து, காலை, மாலை இருவேளையும் கழுவி மாற்றுங்கள். எச்சமும் இரையும் விழுந்த தண்ணீரில் வெயில் காலத்தில் சீக்கிரமே கிருமி பெருகும். வெள்ளரிக்காய், கொய்யா, கீரை கொடுத்தால் அதிலிருந்தும் நீர் கிடைக்கும். மருந்து தெளித்த தோட்டத்துக் கீரை ஆகாது. ரோஜாவுக்கு மருந்து கலக்கும் வாளி, குவளைகளைக் கழுவிக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டில் குடிக்கும் தண்ணீரையே கிளிக்கும் வையுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தென்பெண்ணைத் தண்ணீரும் வேண்டாம்.

இவையெல்லாம் கிளியைச் சில நாள்கள் காப்பாற்றுவதற்கு மட்டுமே. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். பொந்திலிருந்து விழுந்த குஞ்சுக்கும் விலக்கு இல்லை. இது மத்திய சட்டம் என்பதால், எல்லை தாண்டி பெங்களூரில் வாங்கி வந்தாலும் குற்றமே. அதற்காகக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் தெரியாது. அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். எப்படிக் கிடைத்தது, என்ன இரை கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பறக்கப் பழக்கி, காட்டில் விடுவதற்கு அந்தத் தகவல் உதவும்.

பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். வளர்த்தே ஆக வேண்டும் என்றால், ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கடைகளில் விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளை வளர்க்கத் தடை இல்லை. ஆனால், அவற்றுக்கும் நிழலும் இருவேளைத் தண்ணீரும் கட்டாயம்.

அதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. தோட்டத்து மர நிழலில், அகலமான மண் சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தினமும் மாற்றி வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாகமெடுக்கும் கிளிகள் அங்கே தானாக வரும்.