காற்றுத் துப்பாக்கியும் காட்டுப்பன்றியும்

நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும், மக்காச்சோளம் கதிர் வாங்கும் பருவத்திலும் மலையடிவாரத்துக் கிராமங்களில் உறக்கம் அரிய பொருளாகிவிடுகிறது. மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த பயிரைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் உழுது போட்டுவிட்டுப் போகிறது. இந்நிலையில், "பெரிய குண்டு போடும் காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டால் என்ன? அதற்கு வெடிமருந்து வேண்டாம்; லைசென்ஸும் வேண்டாமாம்; எதை முதலில் வாங்கலாம்?" என்ற பேச்சு விவசாய அங்கத்தினரிடையே எழுவதில் வியப்பில்லை. இக்கேள்வி நியாயமான துன்பத்திலிருந்து பிறந்தது. ஆகவே அதனை எள்ளி ஒதுக்காமல், முழு விவரங்களையும் எடுத்துக் கூறி, நம் அபிப்பிராயத்தையும் வெளிப்படையாகச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

காற்றின் வலிமையால் குண்டு செலுத்தும் கருவி புதியதன்று. ஆஸ்திரிய நாட்டுச் சேனை 1780-ஆம் ஆண்டு முதற்கொண்டு ஜிரார்டோனி என்பவர் வகுத்த காற்றுத் துப்பாக்கியைக் கையாண்டது. அதன் குண்டு ஏறக்குறைய 0.46 அங்குல விட்டமுடையது. காற்றுக் கலத்தை நிரப்புவதற்குச் சுமார் 1,500 முறை பம்பு அடிக்க வேண்டியிருந்தது. 1803 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன் கொண்டு சென்றனர். இன்று அமெரிக்காவில் வேட்டைக்கு விற்கப்படும் பெருந்துளைத் துப்பாக்கிகள் இவற்றின் வழித்தோன்றல்களே. சந்தையில் பலூன் சுடும் சிறு துப்பாக்கியில் வில்சுருள் காற்றை நெருக்குகிறது. இவற்றிலோ, முன்னரே உயர்ந்த அழுத்தத்தில் அடைத்து வைத்த காற்று, விசையை இழுத்ததும் திறந்துவிடப்பட்டுக் குண்டைத் தள்ளுகிறது. இவ்விரண்டிற்கும் பெயரில் மட்டுமே உறவு.

இத்தகைய துப்பாக்கி சட்டப்படி வழங்கும் இடத்தில் அதை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். டெக்ஸாஸ் மாகாணம் 2018-ஆம் ஆண்டில் மான் முதலிய வேட்டை விலங்குகளைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுவதற்கு இசைவளித்தது. இசைவோடு ஓர் அளவுகோலையும் விதித்தது. குழலின் விட்டம் 0.30 அங்குலத்திற்குக் குறையலாகாது. குண்டு 150 கிரெயின், அதாவது சுமார் பத்துக் கிராம் எடையுடன் நொடிக்கு 800 அடி வேகத்தில் புறப்பட வேண்டும். அல்லது எடையும் வேகமும் எப்படிச் சேர்ந்தாலும் குழல்வாயில் 215 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். விலங்கு காயத்துடன் ஓடிப்போய்ப் புதருக்குள் நாள் கணக்கில் துடித்துச் சாகக்கூடாது என்பதே இவ்விதியின் கருத்து.

அங்கே முதன்முதலாக வாங்குபவன் குழலின் விட்டத்தைத்தான் முதலில் கேட்கிறான். கேட்க வேண்டியது அதுவன்று. எந்த விலங்கு, எவ்வளவு தூரம் என்பதே முதற்கேள்வி. எந்த நம்பர் நூல் என்று முடிவு செய்யாமல் அச்சு வாங்கும் நெசவாளி நம்மில் எவருமிலர். காற்றுத் துப்பாக்கியின் குண்டு வெடிமருந்துத் துப்பாக்கியின் குண்டைப் போல விரைந்து செல்வதில்லை. அதிர்ச்சியால் விலங்கை வீழ்த்தும் வேகம் அதற்கு இல்லை. கனத்த ஈயம் ஆழமாகத் துளைத்து இருதயத்தையோ நுரையீரலையோ சென்றடைவதால் மட்டுமே அது கொல்கிறது. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையின்மேல் கேடயம் போன்ற தடித்த தோல் இருக்கிறது. ஆகவே பன்றிக்கு 0.30 அங்குலக் குழல் மெலிந்தது, 0.357 அங்குலம் கைதேர்ந்தவனுக்குப் போதலாம். முதல் துப்பாக்கிக்கு 0.45 அங்குலமே தக்கது என்பது நம் கருத்து. அவ்வளவுக்குரிய வார்ப்பு ஈயக் குண்டுகள் அந்நாட்டில் பல எடைகளில் எளிதாகக் கிடைப்பதும் ஒரு வசதி. 0.50 அங்குலத்திற்குத் தாவுவதால் காற்றுச் செலவு கூடுமேயன்றிக் குறி கூடாது.

இரண்டாவது கேள்வி காற்று. துப்பாக்கியின் விலையை மட்டும் எண்ணிச் செல்பவன் பாதிக் கணக்கையே போட்டவன் ஆவான். இக்கலங்களில் சதுர அங்குலத்திற்கு 3,000 பவுண்டும் அதற்கு மேலும் அழுத்தம் வேண்டும். கைப்பம்பினால் நிரப்புவது முதுகை ஒடிக்கும் வேலை. நிரப்பினாலும் சில குண்டுகளுக்கு மேல் வாராது, ஒவ்வொரு குண்டுக்கும் வேகமும் குறைந்துகொண்டே வரும். ஆதலால் பெரிய காற்று உருளையோ, உயரழுத்தக் கம்ப்ரஸரோ தனியே வாங்க நேரிடும். அமெரிக்காவில் அவ்வுருளைகளை ஐந்தாண்டுக்கொருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். காற்றுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை அடைப்பதும், சாதாரண எண்ணெயை உள்ளே விடுவதும் வெடித்துச் சிதறும் அபாயத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மூன்றாவது, தூரம். நொடிக்கு 800 அடி வேகமுள்ள குண்டை 50 கஜத்திற்குக் குறி பொருத்தினால், 100 கஜத்தில் அது குறிக்குச் சுமார் ஓரடி கீழே இறங்கிவிடும். கண்மதிப்பில் தூரத்தைப் பிசகாகக் கொண்டவன் நெஞ்சுக்குக் குறிவைத்துக் காலைச் சுடுவான். ஆகவே புதியவன் 50 கஜத்திற்கு மேல் விலங்கின்மீது சுடாதிருப்பதே தர்மம். பன்றியின் உடலைத் துளைத்துப் போகும் குண்டு எங்கே போய்த் தங்கும் என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம். இருளும் அயலான் குடிசையும் இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் அங்கே. இனி நம் நாட்டிற்கு வருவோம்.

லைசென்ஸ் வேண்டாம் என்று கடைத்தெருவில் கூறப்படுவது பாதி உண்மை. பாதி உண்மை முழுப்பொய்யைக் காட்டிலும் கெடுதலானது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல்வாயில் 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ, 0.177 அங்குலத்திற்கு மேற்பட்ட குழல் விட்டமோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற்றாக வேண்டும். டெக்ஸாஸ் மானுக்கு விதித்த 215 அடி-பவுண்டு ஏறக்குறைய 290 ஜூல் ஆகும். அதாவது, லைசென்ஸின்றி நம் நாட்டில் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி, அங்கே ஒரு மானைச் சுடப் போதுமென்று கொள்ளப்பட்ட வலிமையில் பதினான்கில் ஒரு பங்குதான். அதனைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுடுவது கொல்வதும் ஆகாது, விரட்டுவதும் ஆகாது. வலி பொறாத விலங்கை மூர்க்கமாக்கி மறுநாள் வரப்பில் வரும் பெண்டு பிள்ளைகள்மீது ஏவிவிடுவதாகும்.

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியே கையில் இருந்தாலும் வேட்டைக்கு உரிமை பிறப்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியற்ற வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது. கொல்வதை மட்டுமின்றிக் கொல்ல முயல்வதையும் அது வேட்டை என்றே கொள்கிறது. டெக்ஸாஸின் நிலை வேறு. அங்குள்ள பன்றிகள் ஐரோப்பியர் கொண்டுவந்து காட்டில் பெருகிய அயல் இனம். 2019 முதல், நிலச் சொந்தக்காரரின் இசைவு பெற்றவர் வேட்டை லைசென்ஸின்றியே தனியார் நிலத்தில் அவற்றைச் சுடலாம். நம் காட்டுப்பன்றியோ இம்மண்ணுக்கே உரியது. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. காட்டிற்குள் இரை அற்றுப்போனால் சிறுத்தை நம் ஆட்டுப்பட்டியைத் தேடி வரும். அந்நாட்டு உதாரணத்தை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடியாது.

அப்படியானால் விவசாயி கைகட்டிப் பார்த்திருக்க வேண்டுமா? ஒருநாளும் இல்லை. 2022-இல் கேரள சர்க்கார், பயிரழிக்கும் பன்றிகளை லைசென்ஸ் துப்பாக்கி உடையவரைக் கொண்டு சுடச் செய்யும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசும் ஒரு முறையை வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடுவதற்கில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவது என்பது அதன் சாரம். இதில் விவசாயியின் பங்கு விண்ணப்பிப்பது. தனியொருவன் எழுதிய மனு மேஜையில் உறங்கக்கூடும். சங்கத்தின் தீர்மானத்துடன், சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, நாள் ஆகியவற்றைக் குறித்து நாற்பது பேர் கையொப்பமிட்ட மனு எளிதில் உறங்காது.

வேலியிலும் இதுவே நியாயம். ஒருவன் தன் நிலத்தை மட்டும் அடைத்தால் பன்றி அடுத்தவன் நிலத்திற்குப் போகிறது. இருவருக்கும் பகை மூள்கிறது. பத்துப் பேர் கூடி ஒரே சுற்றாக வேலி இட்டால் ஏக்கருக்குத் தலைச்செலவும் குறையும், பகையும் இல்லை. சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியத் திட்டம் நடத்தியிருக்கிறது. நடப்பு விதிகளைக் கேட்டறிந்து அங்கத்தினருக்குக் கூறுவது சங்கக் காரியதரிசியின் வேலை. அவ்வேலி நொடிப்பொழுது அதிர்ச்சி தந்து விலங்கைத் திருப்புகிறதேயன்றிக் கொல்வதில்லை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் கள்ள வேலியோ யானையையும் கொல்கிறது; விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் மனிதனையும் கொல்கிறது. அவுட்டுக்காய் வைப்பதும் அத்தகைய பாதகமே. இவ்விரண்டையும் எந்தத் துன்பமும் நியாயமாக்காது.

அருணாசலப் பிரதேசத்தில் 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கிற்று. வேட்டையை வழிவழியாக அறிந்த மக்களே காட்டில் பறவைக் குரல் அருகிவிட்டதைக் கண்டு துப்பாக்கியைக் கீழே வைத்தனர். அவர்கள் வைத்துவிட்டதை நாம் புதிதாகக் கையில் எடுக்க வேண்டுமா என்பது சிந்திக்கத்தக்கது.

துப்பாக்கி வாங்க எண்ணியிருக்கும் அங்கத்தினருக்கு நாம் கூறுவது இதுவே. அந்தப் பணத்தை ஒரு மாதம் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கூட்டுவேலிக்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். சேதக் கணக்கைக் கையோடு எடுத்து வாருங்கள். துப்பாக்கி ஒருவன் கையில்தான் இருக்கும். வேலி பத்துப் பேர் நிலத்தையும் காக்கும். கூட்டுறவு என்று நாம் சொல்லிக்கொள்வதற்குப் பொருள் இருக்குமாயின், அப்பொருள் இங்கேதான் விளங்க வேண்டும்.